குளிரில் சுழன்றது, சூட்டில் நின்றது: கல்லடியில் ஒரு 100 கொரோலா

மாமாங்கேஸ்வரர் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மூன்று நாள் இருந்தது. கச்சான் காற்று அனலாக வீசிய மத்தியானத்தில், மட்டக்களப்பு, கல்லடியில் உள்ள எங்கள் கராஜ் வாசலுக்கு ஒரு ஓட்டோ கயிறு கட்டி ஒரு வெள்ளைக் காரை இழுத்து வந்தது. 1994ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா. எங்கள் பக்கத்தில் எல்லோரும் '100 கொரோலா' என்று சொல்லும் வகை, 5ஏ-எஃப்இ பெற்றோல் எஞ்சின், ஒன்றரை லீற்றர். ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். கதவைத் திறந்து இறங்கியவர் முதலில் சொன்னது இதுதான்: "மனே, இது மூண்டாவது தரம் கொதிக்குது. தீர்த்தத்துக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போறன் எண்டு வாக்குக் குடுத்திட்டன்."

இந்த வண்டியின் கதையை முழுதாக எழுதி வைக்கக் காரணம் உண்டு. ரேடியேற்றரைக் குளிரவைக்கும் ஃபேன் பழுது என்றால் பத்து நிமிட வேலை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பியூஸ் பார், ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இணைத்துப் பிரிக்கும் மின்சுவிச்) பார், மோட்டருக்கு நேராகக் கரண்ட் கொடுத்துச் சுழல்கிறதா என்று பார். இந்தக் காரில் அந்த மூன்று சோதனையும் தேறியிருந்தன. அதற்கு முன்பு இரண்டு கராஜ்கள் பார்த்துவிட்டன. அப்படியும் கார் கொதித்தது.

எஞ்சினைத் தொடவில்லை. பொனட்டை மட்டும் திறந்து வைத்து ஆறவிட்டோம். சூடாக இருக்கும் ரேடியேற்றர் மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அவசரத்தில் திறந்து முகம் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூடி பிடித்து வைக்கும் அழுத்தத்தில் உள்ளே நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த கணத்தில் அழுத்தம் போய், சட்டென்று கொதித்து ஆவியும் சுடுநீருமாகப் பாயும். ஒரு மணி நேரம் போகட்டும் என்று ஆசிரியர் சேருக்கு ஒரு பிளேன்டீ கொடுத்து உட்கார வைத்தேன். அந்த ஒரு மணி நேரம்தான் இந்த வேலையில் மிகப் பயனுள்ள நேரமாக அமைந்தது. அவர் கதை சொன்னார், நான் கேட்டேன்.

கார் அவரிடம் பதினான்கு வருடமாக இருக்கிறது. ஏசி பெல்ட்டைக் கழற்றிப் பல காலம், ஆகவே ஏசிக்குரிய இரண்டாவது ஃபேனின் கதை இதில் வராது. இரண்டு வருடத்துக்கு முன் இரவில் கிரான் பக்கம் வரும்போது ஒரு மாடு குறுக்கே பாய்ந்து முன் இடப்பக்கம் நசுங்கியது. டிங்கர் வேலை செய்து பெயின்ட் அடித்தார்கள். அதன் பிறகு கோடை வந்தால் டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் வழமையை விடச் சற்று மேலே நிற்கும். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன், வெயில் ஏறிய பிறகு, முதல் தடவை கொதித்தது. ஒரு கராஜில் தேமோஸ்டற்றை (சூடானதும் ரேடியேற்றருக்குத் தண்ணீர் வழியைத் திறக்கும் வால்வு) கழற்றி எறிந்தார்கள். கொஞ்ச நாள் பரவாயில்லை, பிறகு மறுகா அதே கதை. இரண்டாவது கராஜில் ஃபேன் சுவிச்சை மாற்றினார்கள். அது இரண்டு கிழமைக்கு முன். மாற்றிய பிறகு ஃபேன் சாவி போட்டவுடனேயே சுழலத் தொடங்கியது. "முந்தி ஃபேன் சத்தம் எப்பவாவதுதான் கேக்கும். இப்ப எந்த நேரமும் சுத்துது. அதால இனிப் பயமில்லை எண்டு நினைச்சன்" என்றார்.

எங்கே சூடாகிறது என்று கேட்டேன். கல்முனைக்குப் போனால் நாற்பது கிலோமீற்றரளவு ஓடியும் ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது காத்தான்குடியில், வீதி நடுவே பேரீச்சை மரங்கள் நிற்கும் இடத்தில், பின்னேர நெரிசலில் ஊர்ந்தால் முள் ஏறத் தொடங்கும். ஆரையம்பதி தாண்டும்வரை நன்றாக இருந்த வண்டி அங்கே வந்ததும் கெட்டுவிடும்.

இந்த ஒரு பதிலே பாதி வழியைக் காட்டிவிடும். அறுபதில் ஓடும் காருக்கு எதிர்க்காற்றே ரேடியேற்றரைக் குளிரவைக்கப் போதும், ஃபேன் செத்துக் கிடந்தாலும் தெரியாது. ஊரும்போதும் நிற்கும்போதும் காற்றை இழுக்க ஃபேன் ஒன்றுதான் இருக்கிறது. மாறாக, வேகமாக ஓடும்போது சூடாகி ஊர்ந்தால் இறங்கும் வண்டி என்றால், ரேடியேற்றர் அடைப்பு, தண்ணீர்ப் பம்ப் என்று வேறு பக்கம் தேட வேண்டும். கச்சான் காலத்தில் வெளிக்காற்றே முப்பத்தைந்து பாகையைத் தாண்டி நிற்கிறது. ரேடியேற்றருக்கும் காற்றுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் குறைகிறது. மாரியில் ஒளிந்திருக்கும் ஃபேன் கோளாறு ஆடியில் வெளியே வருவது அதனால்தான்.

இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. அன்று காலை கல்லடிப் பாலத்துக்குச் சற்று முன்னால் முள் மேலே போனதாம். ஓரமாக நிறுத்த இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் சட்டென்று கீழே இறங்கியதாம். 'அப்பாடா, ஆறிவிட்டது' என்று நினைத்துப் பாலத்தைக் கடந்து இன்னும் அரைக் கிலோமீற்றர் ஓட்டியிருக்கிறார். பிறகுதான் ஆவி கிளம்பியது.

முள் இறங்கியது ஆறியதால் அல்ல. மீற்றருக்குச் செய்தி அனுப்பும் சென்டர் தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். தண்ணீர் வெளியே போய் மட்டம் குறைந்ததும் அது வெறும் ஆவியில் நிற்கிறது, முள் இறங்கிவிடுகிறது. எஞ்சின் அப்போதுதான் உண்மையில் வேகிறது. கொதிநிலைக்குப் போன முள் திடீரென்று தானாக இறங்கினால், அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள். அரைக் கிலோமீற்றர் ஓட்டம் ஒரு ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்தை, தின்றுவிடும்.

ஆகவே ஃபேனுக்கு முன் ஹெட்டைப் பார்த்தோம். மூடியைத் திறந்தபோது தண்ணீர் ஒன்றரை லீற்றர் குறைந்திருந்தது, தேயிலைச் சாயம் போலக் கபில நிறம். கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் எங்கள் கிணறுகளின் நீர் எவ்வளவு உப்பு என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எஞ்சின் ஒயிலில் பால் நிறம் இல்லை, தண்ணீர் கலக்கவில்லை. தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து பார்த்தோம். ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் ஹெட் கஸ்கட் போயிருந்தால் விடாமல் குமிழி வரும். முதலில் இரண்டு மூன்று வந்தது, பிறகு அடங்கியது. புகைக்குழாயில் வெள்ளைப் புகையும் இல்லை. சேருக்கு அதிர்ஷ்டம் இருந்தது.

சாவியை ஓன் செய்ததும்

எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு சாவியை ஓனில் மட்டும் வைத்தேன். ஃபேன் உடனே சுழன்றது.

இதைத்தான் முன்பு பார்த்தவர்கள் 'ஃபேன் ஓகே' என்று எழுதியிருப்பார்கள். ஆனால் இந்தக் காரில் குளிர்ந்த எஞ்சினோடு ஃபேன் சுழலவே கூடாது. அதுதான் கோளாறின் முதல் கையெழுத்து.

90களின் பல டொயோட்டாக்களில் ஃபேன் வயரிங் மற்றப் பல கார்களுக்கு நேர் எதிராக இருக்கும். வழமையாக நாம் பழகியது இப்படி: குளிரில் வெப்பச் சுவிச் திறந்திருக்கும், சூடானதும் மூடும், மூடினால் ரிலே இழுக்கும், ஃபேன் சுழலும். இந்த டொயோட்டாவில் குளிரில் சுவிச் மூடியிருக்கிறது. சாவி போட்டதும் அந்தச் சுவிச் வழியாக ரிலேயின் சுருளுக்கு ஏர்த் (பற்றரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) கிடைத்து, ரிலே இழுத்து, ஃபேனுக்குப் போகும் தொடர்பைப் பிரித்து வைக்கிறது. தண்ணீர் சுமார் 93 பாகைக்கு வந்ததும் சுவிச் திறக்கிறது, ரிலே விடுகிறது, அதன் தொடர்பு தானாக மூடி ஃபேன் சுழல்கிறது. 83 அளவுக்கு இறங்கியதும் சுவிச் மறுபடி மூடி ஃபேன் நிற்கிறது. சுற்றுவழி போலத் தெரிந்தாலும் இதில் ஒரு நல்ல எண்ணம் இருக்கிறது. சுவிச்சின் வயர் அறுந்தாலோ கனெக்டர் கழன்றாலோ ரிலேயின் சுருள் எரிந்தாலோ, ஃபேன் நிற்காமல் சுழலும். எஞ்சின் தப்பும். அந்த வயரிங்கை வரைந்தவர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

சோதிக்கும் முறையும் இதனால் தலைகீழாகிறது. மற்றக் கார்களில் சுவிச் கனெக்டரைக் கழற்றி அதன் இரு முனைகளையும் இணைத்தால் ஃபேன் சுழலும். இதில் கனெக்டரைக் கழற்றினாலே சுழலும். (சாவி ஓனில் இருக்கும்போது விரலை ஃபேன் பக்கம் வைத்துக்கொண்டு அதைக் கழற்ற வேண்டாம். எஞ்சின் ஓடாவிட்டாலும் அது சுழலத் தொடங்கும்.)

அப்படியானால் குளிரில் ஃபேன் சுழல்கிறது என்றால், ஒன்று வயர் அறுந்திருக்க வேண்டும், அல்லது சுவிச் குளிரில் திறந்திருக்க வேண்டும். வயரை ஏர்த்தில் தொட்டுப் பார்த்தேன், ஃபேன் நின்றது. வயரும் ரிலேயின் சுருளும் நல்லது. மிச்சம் சுவிச்.

தேமோஸ்டற் ஹவுசிங்கில் இருந்த அந்தப் புதுச் சுவிச்சைக் கழற்றி, எங்கள் பொடியன் தேநீர் போடும் சட்டியில் தண்ணீர் ஊற்றிக் காஸ் அடுப்பில் வைத்தோம். சுவிச்சின் மரைப் பகுதி மட்டும் நீரில் மூழ்கும்படி கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியை இறக்கி, மல்டிமீற்றரை இரு முனையிலும் பிடித்தோம். சேரும் கதிரையை இழுத்துப் போட்டு அடுப்பருகே வந்துவிட்டார், ஆய்வுகூடத்துக்கு வந்த மாணவன் போல. 30 பாகையில் தொடர்பு இல்லை. 60, 80, தொடர்பு இல்லை. சட்டியின் அடியில் சின்னக் குமிழிகள் ஒட்டத் தொடங்கின. 91ஐத் தாண்டும்போது உள்ளே 'டிக்' என்று ஒரு மெல்லிய சத்தம், மீற்றர் பீப் போட்டது.

சூடானதும் மூடும் சுவிச். வேறு வகைக் காருக்குரியது. மரை பொருந்துகிறது, கனெக்டர் ஏறுகிறது, பார்வைக்கு ஒரே மாதிரி. ஆனால் இந்தக் காரில் அது வேலை செய்யும் விதம் இதுதான்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை ஃபேன் ஓயாமல் சுழலும், தண்ணீர் 91 பாகைக்கு வந்து ஃபேன் மிக அவசியமாகும் அந்தக் கணத்தில் ஃபேன் நின்றுவிடும். கராஜுக்கு ஆறிய வண்டியாக வரும்போது எல்லாம் நன்றாகவே தெரியும். காத்தான்குடி நெரிசலில் பொனட்டைத் திறந்து பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்.

சேர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு காருக்குப் போய், டாஷ்போர்ட் பெட்டிக்குள் இருந்து கடதாசியில் சுற்றிய ஒரு சின்னப் பொதியைக் கொண்டு வந்தார். கழற்றிய பழைய சுவிச். எதையும் எறியாத மனிதர். அதையும் அதே சட்டியில் இட்டோம். குளிரில் பீப். 93இல் பீப் நின்றது. அடுப்பை அணைத்து ஆறவிட்டோம், 84இல் மறுபடி பீப். முப்பது வருடப் பழைய சுவிச், புத்தகத்தில் உள்ளபடி வேலை செய்தது. அதைக் கழற்றியிருக்கவே தேவையில்லை.

இரண்டு கிழமைக் கதையும் மூன்று மாதக் கதையும்

இந்த இடத்தில் பழைய சுவிச்சை மாட்டி, வண்டியைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்வார்கள். கண்டுபிடித்த சந்தோஷம் அவ்வளவு.

ஆனால் திகதிகள் ஒட்டவில்லை. பிழையான சுவிச் போட்டது இரண்டு கிழமைக்கு முன். கார் முதலில் கொதித்தது மூன்று மாதத்துக்கு முன். முள் சற்று மேலே நிற்கத் தொடங்கியது இரண்டு வருடத்துக்கு முன். அந்தக் காலமெல்லாம் நல்ல சுவிச்தான் காரில் இருந்தது. ஒரு கோளாறைக் கண்டுபிடித்தால் அது தொடங்கிய நாளையும் அது விளக்க வேண்டும். விளக்கவில்லை என்றால், உள்ளே இன்னொன்று இருக்கிறது.

ஃபேனை மறுபடி சுழலவிட்டு நின்று கேட்டேன். எங்கள் கராஜில் இதே வகைக் கார்கள் வந்து போகும், நல்ல ஃபேன் எழுப்பும் சத்தம் காதில் இருக்கிறது. ரேடியேற்றரின் முன் ஒரு பத்திரிகைத் தாளைப் பிடித்தால் இழுத்து ஒட்டிக்கொள்ளும். இது தாளை அசைத்தது, இழுக்கவில்லை. சுழல்கிறது, ஆனால் சோர்ந்து சுழல்கிறது.

எஞ்சினை ஸ்டார்ட்டில் வைத்து, ஃபேன் ஓடும்போதே அளந்தேன். பற்றரியில் 13.6 வோல்ட். ஃபேன் மோட்டரின் கனெக்டரில் 9.6. நான்கு வோல்ட் வழியில் காணாமல் போகிறது. கிளாம்ப் மீற்றரில் மோட்டர் இழுத்தது 5 அம்பியர்.

எங்கே போகிறது? மீற்றரின் ஒரு முனையைப் பற்றரி பொசிட்டிவிலும் மறு முனையை மோட்டரின் பொசிட்டிவிலும் வைத்தால், அந்தப் பாதையில் விழும் வோல்ட் நேராகத் தெரியும்: 1.1. அதேபோல மோட்டரின் ஏர்த்துக்கும் பற்றரி நெகட்டிவுக்கும் நடுவே 2.9. இரண்டும் சேர்த்து நான்கு, கணக்கு முடிந்தது. பெரிய திருடன் ஏர்த் பக்கம்.

எங்கள் பொடியனுக்கு இது புதிராக இருந்தது. "அண்ணே, ஏர்த்தை நான் முந்தியே பாத்தனே, பீப் போட்டது" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. ஃபேன் கனெக்டரைக் கழற்றி, ஏர்த் வயருக்கும் பற்றரிக்கும் மீற்றரை வைத்தான், பீப் போட்டது. அந்தப் பீப்பைத்தான் எல்லோரும் நம்புகிறோம். ஆனால் 2.9 வோல்டை 5 அம்பியரால் வகுத்துப் பாருங்கள்: அரை ஓமுக்குச் சற்று மேல். மீற்றர் அரை ஓமுக்கும் பீப் போடும், பத்து ஓமுக்கும் பீப் போடும். அது அனுப்பும் கரண்ட் மிகச் சிறியது, அந்தக் கரண்டுக்கு அரை ஓம் ஒரு தடையே இல்லை. ஃபேன் இழுக்கும் கரண்டுக்கு அதே அரை ஓம் பெரிய அணை. சுமை ஏறாத வயரைச் சோதிப்பது, ஆளில்லாத தோணியை மிதக்கவிட்டு ஓட்டையில்லை என்று சொல்வது போல. அவனுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான், அதனால் அன்று அவனையே ஒவ்வொரு இடமாக அளக்க வைத்தேன்.

இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினேன். 2.9 வோல்டை 5 அம்பியரால் பெருக்கினால் பதினான்கரை வொட். மூன்று பார்க்கிங் பல்ப் எரியும் சூடு அந்த ஏர்த் முனையில் பிறக்கிறது. ஆகவே கையால் தேடலாம். ஐந்து நிமிடம் ஃபேனை ஓடவிட்டு, எஞ்சினை நிறுத்தி, வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட வயரைப் பிடித்துக்கொண்டே போகச் சொன்னேன். டொயோட்டாவில் ஏர்த் வயரின் நிறம் அதுதான். முன் இடப்பக்கம், ஹெட்லைட்டுக்குப் பின்னால், பொடியன் கையைச் சட்டென்று எடுத்தான்.

அந்தப் போல்ட்டைக் கழற்றியபோது மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். வளைய முனைக்கு அடியில் வெள்ளை பெயின்ட், மொழுமொழுவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல். மாடு மோதிய பிறகு தகட்டை நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, அது காய்ந்ததும் அதன் மேலேயே ஏர்த்தை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். இரண்டு வருடமாக ஃபேனின் கரண்ட் முழுவதும் தகட்டுக்குப் போகாமல் போல்ட்டின் மரை வழியாகவே போயிருக்கிறது. அந்த மரையும் எங்கள் உப்புக் காற்றில் கறள் பிடித்துச் செம்மண் நிறமாகிவிட்டது. வயரின் தோல் கபிலமாகி, வளைத்தால் அப்பளம் போல உடைந்தது. உள்ளே செம்பு இரண்டு அங்குலத்துக்குக் கறுத்திருந்தது.

இப்போது திகதிகள் எல்லாம் ஒட்டின. மாடு, பெயின்ட், ஏறத் தொடங்கிய முள். கறள் கூடக் கூட ஃபேன் மெதுவாகி, இந்தக் கோடையில் எல்லை தாண்டியது.

வேலை

கறுத்த செம்பு முடியும்வரை வயரை வெட்டி, புது லக் (வளைய முனை) அழுத்தி, தகட்டில் ஒரு ரூபாய்க் குற்றியளவுக்குப் பெயின்டை வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்தோம். பல் வைத்த வாஷர், புதுப் போல்ட். முறுக்கிய பிறகுதான் மேலே கிறீஸ், முன்பு அல்ல. அதோடு, அதே இடத்திலிருந்து பற்றரி நெகட்டிவுக்கு நேராக இன்னொரு வயரும் இழுத்தேன். கல்லடி, நாவலடிப் பக்கம் நிற்கும் கார்களுக்கு இதை நான் எப்போதும் செய்கிறேன். பாடி வழியாக வரும் ஏர்த்தை மட்டும் நம்பினால், இந்தக் கரையில் உப்பு ஒரு நாள் வென்றுவிடும்.

பொசிட்டிவ் பக்கத்து 1.1இல் 0.9 ரிலேயின் தொடர்பில் விழுந்தது. அதையும் மாற்றினோம். வாங்கும்போது கவனமாக இருக்க வேண்டும்: இதற்கு வேண்டியது சாதாரணமாக மூடியிருக்கும் தொடர்புள்ள ரிலே. கடையில் 'ஃபேன் ரிலே' என்று கேட்டால் திறந்திருக்கும் வகையைத்தான் கொடுப்பார்கள். அதை மாட்டினால் மறுபடியும் குளிரில் சுழலும், சூட்டில் நிற்கும்.

தேமோஸ்டற் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது. அது வேண்டாம், எங்கள் நாட்டுச் சூட்டுக்குத் தேவையில்லை என்று எத்தனையோ பேர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எஞ்சின் சூடானாலும் தேமோஸ்டற்றைக் கழற்ற வேண்டாம், கழற்றினால் குளிர்விப்பு குறையும் என்று டொயோட்டாவின் திருத்தக் கைநூல்களே சொல்கின்றன. காரணம், சூடானதும் அது ரேடியேற்றருக்கான வழியைத் திறப்பதோடு, எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும் குறுக்கு வழியை அடைக்கவும் செய்கிறது. கழற்றிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும், சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேற்றரைப் பார்க்காமலே திரும்பிவிடும். புதியதையும் சட்டியில் இட்டோம். 82க்குப் பக்கத்தில் மெல்லத் திறக்கத் தொடங்கியது. காற்று வெளியேறும் சின்னத் துளை மேல்பக்கம் வரும்படி மாட்டினோம்.

உள்ளே இருந்த கபில நீர் வெளுக்கும்வரை கழுவி, வடித்த நீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி, ஐந்து லீற்றருக்குச் சற்று மேல் பிடித்தது. முன் சக்கரங்களை உயர்த்தி, ஹீட்டரைத் திறந்து காற்றை எடுத்தோம். மூடியின் றப்பர் வெடித்திருந்தது, புதியது போட்டோம்.

இரண்டாவது கராஜில் டாஷ்போர்டில் ஒரு தனிச் சுவிச் வைத்து ஃபேனை நேராக ஓட்டலாம் என்றும் சொன்னார்களாம். சேர் கேட்டார், போடுவோமா என்று. வேண்டாம் என்றேன். மனிதர் மறக்கிறவர், சுவிச் மறக்காது. அதோடு, அந்த ஏர்த் அப்படியே இருந்திருந்தால் நேராகக் கொடுத்த ஃபேனும் அதே சோர்வில்தான் சுழன்றிருக்கும்.

அளவுகளும் ஓட்டமும்

பழைய சுவிச்சைப் புது வாஷரோடு மாட்டி ஸ்டார்ட் செய்தோம். சாவி போட்டதும் ஃபேன் அசையவில்லை. சேர் பதறிப் போனார். பொறுங்கள் என்றேன். வெயிலில், பொனட்டை மூடி, கால் மணி நேரத்துக்கு மேல் நின்றது. முள் நடுவுக்குச் சற்றுக் கீழே வந்தபோது ஃபேன் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஹவுசிங்கில் சூட்டு மீற்றர் 92 காட்டியது. ஒன்றரை நிமிடம் ஓடி, 84இல் நின்றது. நாலு நிமிடம் கழித்து மறுபடி. இந்தச் சுற்றை ஏழு தடவை பார்த்தோம். ஃபேன் ஓடும்போது பற்றரியில் 13.6, மோட்டரில் 13.2, ஏர்த் பக்க இழப்பு 0.1, பொசிட்டிவ் பக்கம் 0.3. கரண்ட் 7 அம்பியர். பத்திரிகைத் தாள் ரேடியேற்றரில் ஒட்டிக்கொண்டு கீழே விழ மறுத்தது.

புதுக் கார்களோடு பழகிய ஒருவர் அந்த நேரம் வந்து, ஸ்கேனர் போட்டிருந்தால் உடனே சொல்லியிருக்குமே என்றார். இந்தக் காரின் ஃபேன் எஞ்சின் கம்ப்யூட்டரைக் கேட்டு ஓடுவதில்லை. மீற்றர் முள்ளுக்கு ஒரு சென்டர், கம்ப்யூட்டருக்கு ஒரு சென்சர், ஃபேனுக்கு ஒரு சுவிச் என்று மூன்றும் தனித்தனி. ஒன்றைப் பார்த்து மற்றதைப் பற்றித் தீர்மானிக்க முடியாது.

பின்னேரம் சேரை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் இருந்தேன். காத்தான்குடிக்குப் போய், பேரீச்சை மரங்களுக்கு நடுவே ஊர்ந்து, திரும்பிப் பாலத்தைக் கடந்து மாமாங்கம் வரை. கோயில் வீதியில் சனம் நிறைந்திருந்தது, நடக்கிற வேகத்தில் இருபது நிமிடம். முள் நடுவைத் தொடவில்லை. மூன்று தடவை ஃபேன் கிளம்பும் சத்தம் கேட்டது, மூன்று தடவையும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தீர்த்தத்தன்று பேரப்பிள்ளைகளோடு போய் வந்து, மத்தியானம் போன் எடுத்து "ஒண்டுமில்லை மனே" என்றார்.

ஹெட் விடயம் எனக்கு இன்னும் முழுதாக மனம் ஆறவில்லை. ஆவியில் அரைக் கிலோமீற்றர் ஓடிய எஞ்சின். ஆகவே ரிசர்வ் போத்தலில் ஒரு கோடு போட்டுக் கொடுத்து, தினமும் காலையில் ஆறிய எஞ்சினில் மட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். கணித ஆசிரியர் அல்லவா, கொப்பியில் நிரல் போட்டு எழுதியிருக்கிறார்: திகதி, மட்டம், ஓடிய தூரம். ஒரு மாதத்துக்குப் பின் கொண்டு வந்து காட்டினார், மட்டம் அசையவில்லை. ஏர்த்தை மறுபடி அளந்தேன், அதே 0.1. கார்த்திகை மழை பெய்து முடிந்ததும் இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கிறேன், நனைந்த பிறகு அந்த முனை எத்தனை காட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.